கல்வராயன் மலையில் நேரடிப் பண உதவி: மணியார்டர் முதல் மகளிர் உரிமைத்தொகை வரை

நேரடிப் பண உதவி என்பது அரிசி, சேலை, கறவை மாடு போன்ற பொருளாகக் கொடுக்காமல், பணமாகவே ஏழைக் குடும்பத்துக்கு அரசு வழங்கும் உதவியைக் குறிக்கும். முதியோர் உதவித்தொகை, மகப்பேறு நிதியுதவி, உழவர்களுக்கான நிதி, கல்லூரி மாணவியருக்கான உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை ஆகியவை இவ்வகையில் அடங்கும். தமிழ்நாட்டில் இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

மாநிலம் முழுவதற்கும் பொதுவான திட்டங்களை ஒரு மலையை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சமவெளி ஊரில் வங்கியும் வட்டாட்சியர் அலுவலகமும் ஒரு பேருந்துப் பயணத்தில் எட்டிவிடும். அங்கே ஒரு திட்டத்தில் உள்ள குறை சட்டென்று கண்ணில் படாது. மலையில் அது உடனே தெரிந்துவிடும். உதவித்தொகை எவ்வளவு என்பது முக்கியம்தான். ஆனால் அது யார் கையில் வருகிறது, எந்த நாளில் வருகிறது, எவ்வளவு தூரம் நடந்தால் கிடைக்கிறது என்ற மூன்று கேள்விகளே ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வில் அந்தப் பணம் என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கல்வராயன் மலையின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

மலையும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. இதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் கருமந்துறைப் பக்கமும், மற்றொரு பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ளது. கள்ளக்குறிச்சிப் பகுதி முன்பு தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. கல்வராயன்மலை வட்டத்துக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடம் வெள்ளிமலை. கச்சிராயபாளையம், கரியாலூர் வழியாக மலைப்பாதை வெள்ளிமலைக்குச் செல்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயருக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை. மலையில் வாழ்பவர் என்பதே இதன் பொருள். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவை இம்மலையின் பயிர்கள். கடுக்காய், புளி, தேன் ஆகியவை காட்டிலிருந்து கிடைப்பவை.

நீண்ட காலம் இம்மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் இந்நிலை நீடித்தது. 1976-ல்தான் ஜாகீர் முறை முடிவுக்கு வந்து, மலை முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதுவரை மக்கள் ஜாகீர்தாரர்களுக்கு வரி செலுத்தியும் வேலை செய்து கொடுத்தும் வாழ்ந்தனர். அரசு அலுவலகம், பட்டா, சான்றிதழ், வங்கி ஆகியவற்றோடு இம்மக்களுக்கு ஏற்பட்ட பழக்கம் சமவெளி மக்களைவிடக் குறைந்தது ஒரு தலைமுறை பின்தங்கியது. பின்னாளில் பண உதவித் திட்டங்கள் வந்தபோது இந்த இடைவெளி பெரிதாக உணரப்பட்டது.

பணம் அரிதாக இருந்த காலம்

மலை வாழ்வில் உணவின் பெரும்பகுதி நிலத்திலிருந்தும் காட்டிலிருந்தும் கிடைத்தது. பணம் தேவைப்பட்டது உப்பு, மண்ணெண்ணெய், துணி, மருந்து, திருமணம், சாவு போன்றவற்றுக்கு. பணம் வந்ததோ ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடையின்போது. இடைப்பட்ட மாதங்களில் கடனே வழி. சமவெளி வியாபாரி முன்பணம் கொடுப்பார். விளைந்ததும் அவர் சொன்ன விலைக்கே சரக்கு அவரிடம் போகும். சேலம், ஆத்தூர் வட்டாரங்களின் சேகோ ஆலைகளை நம்பி மரவள்ளி பரவிய பிறகும் இம்முறை மாறவில்லை.

உழைப்பும் இதே வழியில் முன்கூட்டியே விற்கப்பட்டது. தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஆள் பிடிக்கும் மேஸ்திரி, வீட்டில் ஒரு நெருக்கடி நேரும் மாதம் பார்த்து முன்பணம் கொடுப்பார். அதைக் கழிக்கக் குடும்பமே கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ புறப்படும். பள்ளியில் படிக்கும் பிள்ளையும் உடன் செல்லும். எனவே மலைக் குடும்பத்தின் வறுமையை ஆண்டு வருமானத்தை மட்டும் வைத்து அளந்துவிட முடியாது. கையில் பணம் இல்லாத மாதத்தில் என்ன விலைக்குக் கடன் கிடைத்தது என்பதும் வறுமையின் ஓர் அளவுகோல்தான். சிறு தொகையாயினும் மாதந்தோறும் வரும் பணம் ஏன் பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதை இப்பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

தபால்காரர் கொண்டுவந்த பணம்

தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 1962 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் காமராசர். தொகை மாதம் 20 ரூபாய். பின்னர் 1974-ல் மாற்றுத்திறனாளிகளுக்கும், 1975-ல் ஆதரவற்ற விதவையருக்கும், 1981-ல் முதிய விவசாயத் தொழிலாளர்களுக்கும், 1986-ல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கி, முதியோர் ஓய்வூதியத்துக்கு மாதம் 75 ரூபாய் பங்களித்தது. தமிழ்நாட்டில் இத்தொகை 2011-ல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், 2023-ல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

இத்தொகை பல ஆண்டுகள் மணியார்டராகவே வந்தது. தபால்காரர் வீட்டுக்கு வந்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு, பணத்தை எண்ணிக் கொடுப்பார். மாதத்தின் எந்த நாளில் வருவார் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தள்ளிப்போகும். சில இடங்களில் 'டீ செலவு' என்று ஒரு பகுதி பிடிக்கப்படுவதும் உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முறையில் பணம்தான் முதியவரைத் தேடி வந்தது. முதியவர் பணத்தைத் தேடிப் போகவில்லை. நடக்க முடியாத ஒருவருக்கு இது சிறிய வசதி அன்று.

இந்த உதவித்தொகை வீட்டுக்குள் முதியவரின் இடத்தையும் மாற்றியது. மகனிடம் வெற்றிலைக்குக் காசு கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, பேரப்பிள்ளைக்கு நோட்டு வாங்கக் காசு கொடுப்பவர் ஆனார். வீட்டில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பும் சற்றே கூடியது. பணம் யார் பெயரில் வருகிறது என்பதன் முதல் பாடம் இது.

தாய்க்கு வந்த பணம், உழைப்புக்கு வந்த கூலி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயுடன் தொடங்கியது. 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புடையதாயிற்று. 2011-க்குப் பின் இத்தொகை தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. கர்ப்பகாலப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என ஒவ்வொரு படியிலும் ஒரு தவணை கிடைக்கும். இது நிபந்தனையுடன் கூடிய பண உதவி. மெக்சிகோவில் 1997-ல் தொடங்கிய 'புரோகிரேசா', பிரேசிலில் 2003-ல் தொடங்கிய 'போல்சா ஃபமிலியா' ஆகியவையும் குழந்தையின் பள்ளி வருகை, தடுப்பூசி போன்ற நிபந்தனைகளோடு, பெரும்பாலும் தாயின் பெயரிலேயே பணம் கொடுத்தவை.

நிபந்தனையால் நன்மை உண்டு. வீட்டுப் பிரசவம் வழக்கமாக இருந்த மலையூர்ப் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட இது ஒரு தூண்டுதலாயிற்று. ஆனால் நிபந்தனைக்கு இன்னொரு முகமும் உண்டு. தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. இளவயதுத் திருமணத்தைத் தடுக்கும் நோக்கம் நல்லதே. எனினும் 17 வயதில் மணமுடிக்கப்பட்டுத் தாயான பெண்ணுக்கே உதவி மிக அதிகம் தேவை. அவளுக்கு அது கிடைப்பதில்லை. தவறு செய்தவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர்.

2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் தேர்வான ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அதனால் கல்வராயன் மலைக்கும் இத்திட்டம் முதல் கட்டத்திலேயே வந்தது. இது உதவி அன்று, கூலி. இருப்பினும் பண உதவியின் வரலாற்றில் இதற்கு இடம் உண்டு. தொடக்கக் கூலி 80 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூலி ஊரிலேயே ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. பின்னர் வங்கிக் கணக்குக்கு மாறியது. மாநிலத்தில் இத்திட்ட வேலை நாட்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையது. அரசுப் பணம் தன் பெயரில், தன் அட்டையில் வருவது பல மலைப் பெண்களுக்கு இதுவே முதல் முறை.

வங்கிக் கணக்கும் புதிய தூரமும்

2013 ஜனவரி 1 அன்று மத்திய அரசு நேரடிப் பயன் பரிமாற்ற முறையைத் தொடங்கியது. 2014 ஆகஸ்ட் 28 அன்று பிரதமரின் ஜன் தன் திட்டம் தொடங்கப்பட்டு, குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத கணக்குகள் பெருமளவில் திறக்கப்பட்டன. ஆதார் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு மூன்றும் இணைக்கப்பட்டன. இடைத்தரகர் இல்லாமல் பணம் பயனாளியைச் சேரும் என்பதே இதன் நோக்கம்.

நோக்கம் பெருமளவு நிறைவேறியது. பணம் வரும் நாள் ஓரளவு நிலைப்பட்டது. தொகை குறையாமல் கணக்கில் ஏறியது. ஆனால் மலையில் ஒரு புதிய சிக்கல் தோன்றியது. கணக்கில் ஏறுவதும் கைக்கு வருவதும் ஒன்றல்ல. முன்பு தபால்காரர் கடந்த தூரத்தை இப்போது முதியவர் கடக்க வேண்டியதாயிற்று. வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களை விட்டு விலகிய சிற்றூரிலிருந்து பணம் எடுக்க வருபவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். பேருந்துக்கும் டீக்கும் செலவழிக்கிறார். அன்று இணைப்பு இல்லை என்றாலோ, இயந்திரத்தில் பணம் தீர்ந்துவிட்டது என்றாலோ மறுபடியும் வர வேண்டும். 1,000 ரூபாயில் ஒரு பகுதி இப்படி வழியிலேயே கரைகிறது.

இதற்குத் தீர்வாக வங்கி முகவர்கள் கையடக்கக் கருவியுடன் ஊருக்கே வரும் முறை ஏற்பட்டது. கைரேகை வைத்தால் பணம் கிடைக்கும். ஆயினும் ஆயுள் முழுதும் மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி அதை ஏற்காது. உழைத்து உழைத்துத் தேய்ந்த கை என்பதே உதவி கிடைக்காததற்குக் காரணமாகும் வேடிக்கை இது.

அவசர காலத்தில் அரசு வேறு வழியைக் கையாண்டதும் குறிப்பிடத்தக்கது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணைகளாக 4,000 ரூபாயும் நியாயவிலைக் கடை மூலம் ரொக்கமாகவே கொடுக்கப்பட்டன. பொங்கல் பரிசுத் தொகையும் அவ்வாறே. மலை மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசு நிறுவனம் நியாயவிலைக் கடைதான் என்பதை இந்த நடைமுறை தானாகவே ஒப்புக்கொள்கிறது.

2020-ல் நடந்த உழவர் நிதி மோசடி

பிரதமரின் உழவர் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. நிலம் உள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். 2020 ஆகஸ்டில் இத்திட்டத்தில் தமிழ்நாட்டில் பெரும் மோசடி நடந்தது தெரியவந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் இதில் பெரிதும் பேசப்பட்டன. விண்ணப்பத்தை எளிதாக்க அனுமதிக்கப்பட்ட இணையவழிப் பதிவில், அலுவலர்களின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, உழவர் அல்லாதவர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். தகுதியற்றோர் ஐந்தரை லட்சம் பேர், முறைகேடான தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசுத் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. குற்றப்பிரிவு சிஐடி விசாரித்தது. அலுவலர்களும் தரகர்களும் கைது செய்யப்பட்டனர்.

இதில் சிக்கியவர்களில் பலர் மோசடி செய்ய நினைத்தவர்கள் அல்லர். கொரோனா உதவித்தொகை வாங்கித் தருகிறோம் என்று தரகர்கள் சொன்னதை நம்பி ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் கொடுத்த ஏழைகள் அவர்கள். ஒரு பங்கு தரகருக்குப் போயிற்று. பின்னர் முழுத் தொகையையும் அரசு திரும்பப் பெற்றபோது, கொடுக்க வேண்டியிருந்தது அந்த ஏழைகள்தான். இடைத்தரகரை ஒழிக்க வந்த முறையில் தரகர் கணினி மையத்தின் வாசலில் மறுபடியும் தோன்றினார். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் இருக்கும் வரை எழுதிக் கொடுப்பவருக்கு வேலை இருக்கும் என்பதே இதன் பாடம்.

அதே வேளையில், மலையில் உண்மையாகவே உழுது வாழும் பலரால் இத்திட்டத்தில் சேர முடியவில்லை. நிலம் பாட்டன் பெயரில் இருக்கும். அல்லது காட்டு நிலம் என்று பதிவாகியிருக்கும். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது 2016 வரை தாமதப்பட்டது. உழவர் அல்லாதவர் உழவர் நிதி வாங்கியதும், உழவர் வாங்க முடியாமல் போனதும் ஒரே மாவட்டத்தில் ஒரே காலத்தில் நடந்தன.

மகளிர் உரிமைத்தொகை

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக அளித்த வாக்குறுதிகளுள் ஒன்று குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய். 2023 மார்ச்சில் நிதிநிலை அறிக்கையில் இதற்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில் விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது. ஏறக்குறைய 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்களில் 1 கோடியே 6 லட்சம் ஏற்கப்பட்டன. முறையீட்டுக்குப் பின் நவம்பரில் மேலும் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர்.

விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நிலம் 5 ஏக்கர் நன்செய் அல்லது 10 ஏக்கர் புன்செய்க்கு மேல் இருக்கக் கூடாது. மின்சாரப் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்பது அடிப்படை விதி. முதியோர் உதவித்தொகை பெறுவோர் வீட்டில் உள்ள மற்ற தகுதியுள்ள பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் தளர்வு அளிக்கப்பட்டது.

இத்திட்டத்தின் பெயரில் 'உதவி' என்ற சொல் இல்லை. 'உரிமை' என்ற சொல் உள்ளது. சமையல், விறகு, தண்ணீர், குழந்தை வளர்ப்பு எனக் கூலியில்லாமல் பெண் செய்யும் வேலைக்கான அங்கீகாரம் என்று அரசு இதை விளக்கியது. முதல் மாதத்திலேயே ஒரு சோதனை வந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றும், பழைய கடன் பாக்கி என்றும் சில வங்கிகள் இத்தொகையைப் பிடித்தம் செய்துகொண்டன. அவ்வாறு பிடிக்கக் கூடாது என்று மாநில அரசு தலையிட வேண்டியிருந்தது.

ஒரு வீட்டுக் கணக்கு

வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, வயதான மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன் என ஐந்து பேர். மனைவிக்கு உரிமைத்தொகை 1,000, மாமியாருக்கு உதவித்தொகை 1,200, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் சென்ற மகளுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் 1,000 என மாதம் 3,200 ரூபாய் வரும். 2024–25-ல் வேலை உறுதித் திட்டக் கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் இது பத்து நாள் கூலி. இந்தத் தொகையால் குடும்பம் வறுமையிலிருந்து வெளியே வந்துவிடாது. ஆனால் வாழ்வில் சில மாற்றங்கள் நிகழும்.

முதலாவது, அடுப்படி. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். அரிசிக்குச் செலவில்லாதபோது, கையில் வரும் பணம் பருப்பு, எண்ணெய், காய்கறி, முட்டை என்று போகிறது. அரிசியும் பணமும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

இரண்டாவது, கடன். மாதத்தின் 15-ஆம் நாளையொட்டிப் பணம் வரும் என்பது மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். கைமாற்று கொடுப்பவருக்கும் தெரியும். காய்ச்சலுக்கு மருந்து வாங்க 300 ரூபாய் தேவைப்படும்போது கம்மலை அடகு வைக்கவோ மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கவோ தேவையில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. மாத வருமானம் உறுதி என்று தெரிந்ததும் நுண்கடன் கொடுப்போர் தேடி வருகிறார்கள். வந்த தொகை முழுவதும் தவணைக்கே போய்விடும் வீடுகளும் இருக்கின்றன.

மூன்றாவது, முடிவெடுக்கும் உரிமை. தொகை சிறிதாக இருந்தாலும், கணவனிடம் கேட்காமல் செலவழிக்கக் கூடிய தொகை அது. பிள்ளைக்குச் செருப்பு வாங்கவும், தாய்வீட்டுக்குப் போகப் பேருந்துக் கட்டணம் கொடுக்கவும், மகளிர் குழுச் சந்தாவைத் தவறாமல் கட்டவும் இது பயன்படுகிறது. வங்கி அட்டையைக் கணவனே வைத்துக்கொள்ளும் வீடுகளில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. எனவே பெண்ணின் பெயரில் பணம் வருவது மட்டும் போதாது. எடுக்கும் இடம் அவளே போய் வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, கல்வி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தொடங்கிய திருமண நிதியுதவித் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது 'புதுமைப் பெண்' திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து முடிக்கும் பெண், கல்லூரிக்கு மலையிறங்கித்தான் ஆக வேண்டும். கல்விக் கட்டணத்தைவிடப் பேருந்து, விடுதி, உடை ஆகியவற்றின் செலவே அவளை நிறுத்தும். வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுவதைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இந்த 1,000 ரூபாயின் மதிப்பு தெரியும். திருமணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குக் கொடுக்கும் பணமாக மாறியது இவ்வரலாற்றில் முக்கியமான திருப்பம்.

மதுக்கடைக்குப் போகிறதா?

பண உதவியை எதிர்ப்போர் முதலில் சொல்வது, பணம் குடிக்குப் போய்விடும் என்பதே. கள்ளச்சாராயத்தோடு சேர்த்துப் பேசப்படும் கல்வராயன் மலையைப் பற்றி இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும் அரசு அறிவித்தது. இச்சம்பவத்தைத் தொடர்ந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம் பற்றிக் கேள்வி எழுப்பியது.

குடி இம்மலையின் உண்மையான துயரம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பண உதவி குடியைக் கூட்டுகிறதா என்பது ஆய்வு செய்யப்பட்ட கேள்வி. உலக வங்கியின் டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா ஆகியோர் 2014-ல் பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடுவதாக அவர்கள் காணவில்லை. இந்தியாவிலேயே, மத்தியப் பிரதேசத்தில் 2011–2012-ல் சேவா அமைப்பு யுனிசெஃப் உதவியோடு சில கிராமங்களில் அடிப்படை வருமானச் சோதனை நடத்தியது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் எனத் தொடங்கிப் பின்னர் முறையே 300, 150 என உயர்த்தப்பட்டது. குழந்தையின் பங்கு தாயிடம் கொடுக்கப்பட்டது. பழங்குடியினர் கிராமமும் இதில் இருந்தது. குழந்தைகளின் ஊட்டமும் பள்ளி வருகையும் மேம்பட்டன. கடன் சுமை குறைந்தது. பிறர் நிலத்துக் கூலி வேலையைக் குறைத்துத் தம் நிலத்தில் உழைப்போர் கூடினர். குடிச் செலவு கூடவில்லை. பணம் வந்தால் உழைக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கும் இது பதிலாக அமைந்தது.

பணமா, பொருளா?

அரிசிக்குப் பதில் பணமே கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் உண்டு. புதுச்சேரியில் 2015-ல் நியாயவிலைக் கடை தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கப்பட்டது. சந்தையில் அரிசி விலை ஏறும்போது அந்தப் பணம் போதவில்லை. கடைகளைத் திறக்கக் கோரி மக்கள் போராடினர். 2024-ல் அங்கு நியாயவிலைக் கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டன. கடைத்தெரு உள்ள புதுச்சேரியிலேயே இந்நிலை என்றால், எல்லாப் பொருளும் மலையேறி வரும் இடத்தில் பணத்தை மட்டும் நம்புவது எவ்வளவு இடர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு அரிசியை நிறுத்தாமல் பணத்தைக் கூடுதலாகக் கொடுப்பது மலை மக்களுக்குப் பாதுகாப்பானது.

மேலும், பணத்தால் வாங்க முடியாதவை உள்ளன. பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கொண்டுசெல்லச் சாலை இல்லையென்றால், கணக்கில் உள்ள 1,000 ரூபாய் சாலையாக மாறாது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கும் மருத்துவர் இல்லாத சுகாதார நிலையத்துக்கும் பண உதவி மாற்று ஆகாது.

விடுபட்டவர்கள்

எந்தத் திட்டத்திலும் விடுபடுவோர் யார் என்று பார்ப்பது அத்திட்டத்தை அறிய நல்ல வழி. கல்வராயன் மலை போன்ற இடத்தில் விடுபடுவோர் பெரும்பாலும் நான்கு வகையினர். கூட்டுக் குடும்பமாக ஒரே அட்டையில் இருப்பதால் தொகை பெற முடியாத இரண்டாவது மருமகள். பிழைக்கப் போன ஊரில் இருந்ததால் முகாம் நாளில் வர முடியாத பெண். ஆதாரில் ஒரு பெயரும் வங்கியில் வேறொரு பெயரும் பதிவாகியிருப்பவர். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத முதியவர். இவர்களில் யாரும் வசதியுள்ளவர் அல்லர். இவர்கள் விடுபடுவதற்குக் காரணம் தகுதிக் குறைவு அன்று, காகிதக் குறைவு.

கோட்டாட்சியரிடம் முறையீடு செய்ய வழி உண்டு. அதற்கும் இ-சேவை மையம் செல்ல வேண்டும். எழுதத் தெரிந்த ஒருவர் துணை வேண்டும். இலங்கையில் 1989-ல் ஜனசவிய, 1995-ல் சமுர்த்தி, 2023-ல் அஸ்வெசும என்று திட்டங்கள் மாறியபோதும், யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற தகராறு மாறவில்லை. தேர்வு செய்து கொடுக்கும் எல்லாத் திட்டங்களுக்கும் இது பொதுவான சிக்கல்.

முடிவுரை

1962-ன் 20 ரூபாயிலிருந்து 2023-ன் 1,000 ரூபாய் வரை வந்த வரலாற்றில் தொகை உயர்ந்தது வெளிப்படையாகத் தெரியும் மாற்றம். அதைவிட ஆழமான மாற்றங்கள் மூன்று. ஆதரவற்றவருக்கு இரக்கத்தால் கொடுப்பது என்ற நிலையிலிருந்து, குடும்பத்தை நடத்தும் பெண்ணுக்கு உரிமையாகக் கொடுப்பது என்ற நிலைக்கு அரசு வந்தது. எப்போது வரும் என்று தெரியாத பணம், நாள் குறித்து வரும் பணமாயிற்று. அறுவடை வரை கடனில் காத்திருந்த குடும்பத்துக்கு மாதத்தில் ஒரு நாளாவது கையில் காசு இருக்கும் என்ற நிலை ஏற்பட்டது.

மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் இவ்வாறு ஓரளவு விடை கிடைத்துள்ளது. மூன்றாவதான தூரம் மட்டும் மலையில் இன்னும் குறையவில்லை. தபால்காரர் வீட்டு வாசலில் எண்ணிக் கொடுத்த வசதியையும், வங்கிக் கணக்கின் ஒழுங்கையும் ஒன்று சேர்ப்பது இயலாத காரியம் அன்று. நியாயவிலைக் கடை ஏற்கனவே ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அஞ்சலகம் இருக்கிறது, கையடக்கக் கருவியும் வந்துவிட்டது. வெள்ளிமலையைத் தாண்டியுள்ள கடைசிச் சிற்றூரில், ரேகை தேய்ந்த கையோடு இருக்கும் ஒரு பாட்டிக்கு அவள் வீட்டுத் திண்ணையில் முழுத் தொகையும் கிடைக்கும் நாளில்தான், 'நேரடி' என்ற சொல் அதன் முழுப் பொருளைப் பெறும்.